கதவு தட்டப் போன மகள்

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள் என்னிடம் வந்து, நோர்பரிக்குப் போக எந்த மேடையில் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். லண்டனின் தெற்கே ஒரு ரயில் நிலையத்தில் எனக்கு வேலை. வழி கேட்பவர்களின் முகத்தைப் பாராமலே கையைக் காட்டிவிடுவது என் பழக்கம். அன்று பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ரை, நெஞ்சில் கறுப்புப் பெயர்த்தகடு. இருவருக்கும் இருபது வயது இராது. ஒருவனுடைய தாடையில் சவரம் செய்தபோது வெட்டிய கீறல் இருந்தது. அவனுடைய தாய் அருகில் இருந்திருந்தால் அதைக் கண்டிருப்பாள் என்று எனக்குள் ஓடியது.

மேடை இலக்கத்தைச் சொல்லிவிட்டு நான் நிறுத்தவில்லை. நோர்பரியில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பினால் வீடுகள் அதிகம், ஆட்கள் வேலையால் வருகிற நேரம் எது, எந்தத் தெருவில் நாய் இருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் எங்கள் சபையா என்று கீறல்காரன் ஆச்சரியத்தோடு கேட்டான். இல்லை, என் மகள் உங்கள் சபை என்றேன். எங்கே ஊழியம் செய்கிறாள் என்று கேட்டான். கனடா என்றேன். வண்டி வந்தது. இருவரும் கைகொடுத்துவிட்டு ஏறிப் போனார்கள்.

அதன் பிறகு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இந்தக் கதை விசித்திரமாக இருக்கும். போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

2

என் மகள் அபிராமி. அபி என்று கூப்பிடுவோம். ஒரே பிள்ளை. பல்கலைக்கழகத்தின் முதல் வருஷத்தை வேறு நகரத்தில் விடுதியில் இருந்து படித்தாள். அங்கே மாரி காலத்தில் கடுமையான காய்ச்சல் வந்து படுத்திருக்கிறாள். எங்களுக்குச் சொன்னால் அம்மா அழுவா என்று சொல்லவில்லை. பக்கத்து அறைப் பெண்ணும் அவளுடைய தாயும்தான் சூப் கொண்டுவந்து கொடுத்து, நெற்றியில் துணி நனைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் மோர்மன்கள். அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு அது. காய்ச்சல் மாறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு கோயிலுக்குப் போனாளாம். பிறகு எல்லா ஞாயிறும் போயிருக்கிறாள்.

எங்களுக்குத் தெரியவந்தது ஒரு தேத்தண்ணியால். விடுமுறைக்கு வந்த அன்று என் மனைவி மலர் வழக்கம்போல் போட்டுக் கொடுத்தாள். அபி அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நான் இனித் தேத்தண்ணி குடிக்கிறேல்லை,” என்றாள்.

வயிறு சரியில்லையோ என்று மலர் கேட்டாள். இல்லை என்று தொடங்கி, மிச்சத்தை எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்களுடைய மதத்தில் தேநீரும் கோப்பியும் விலக்கு. ஞானஸ்நானம் பெற்று இரண்டு மாதம். படிப்பை இடைநிறுத்தி ஒன்றரை வருஷம் ஊழியத்துக்குப் போக விண்ணப்பித்திருக்கிறாள். அந்தச் சபையில் இளைஞர்கள் அப்படிப் போவது வழக்கம். எந்த நாடு, எந்த மொழி என்பதைச் சபைத் தலைமைதான் தீர்மானிக்கும். அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் சுவாமி அறை என்று தனியாக இல்லை. படிக்குக் கீழே உள்ள அலுமாரியைத்தான் அப்படி ஆக்கி வைத்திருக்கிறோம். அவளுடைய முதற் பிறந்தநாளுக்கு ஆர்ச்வே முருகன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை போனால் பெரிது. எனக்குள்ள பக்தி அவ்வளவுதான். ஆனாலும் அன்று அந்த அலுமாரிக் கதவைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

சில வாரம் கழித்து அறிவிப்பு வந்தது. சமையலறையில் நின்றபடி தொலைபேசியில் திறந்து வாசித்தாள். ரொறன்ரோ. மொழி தமிழ்.

மலர் முதலில் சிரித்தாள். எட்டு வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளை இது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லியே வளர்ந்தவள். பிறகு மலர் சிரிப்பை விட்டாள். ரொறன்ரோவின் ஸ்காபறோவில் அவளுடைய தமையன் குடும்பம் இருக்கிறது. நாங்கள் கலியாணங்களில் சந்திக்கிற பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுடைய வாசலில்தான் எங்கள் பிள்ளை போய் நின்று மதம் மாறச் சொல்லிக் கேட்கப் போகிறாள்.

3

பயிற்சி வீட்டிலிருந்தே தொடங்கியது. முதல் வாரங்கள் கணினி வழியே, மிச்சம் அமெரிக்காவில் அவர்களுடைய பயிற்சி நிலையத்தில்.

தொடங்குவதற்கு முதல் நாள் மாலை அவர்களுடைய மண்டபத்துக்கு எங்களையும் அழைத்தார்கள். நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். மலர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டுப் போனேன். சிலுவை இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. கம்பளம் விரித்த சாதாரண அறை. அந்த வட்டாரத்துத் தலைவர் கானா நாட்டுக்காரர், பஸ் திருத்துகிற வேலை. அபியை ஒரு கதிரையில் இருத்தி, அவள் தலையில் கைவைத்துப் பிரார்த்தித்தார். அந்த நிமிஷத்திலிருந்து அவள் ஊழியக்காரி என்றார்கள். தகடு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் அவளுடைய பெயர் இல்லை. சிஸ்டர் யோகநாதன் என்று இருந்தது. எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர்தானே இங்கே குடும்பப் பெயர். அவளுடைய மதத்தின் பெயருக்கு மேலே என்னுடைய பெயர். ஏதாவது பேச விரும்புகிறீர்களா என்று அந்த மனிதர் மரியாதையாகக் கேட்டார். தலையை ஆட்டி மறுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை அபி தன்னுடைய சின்ன அறையில் பாவாடை, வெள்ளை மேற்சட்டை, தகடு எல்லாம் அணிந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்குள் இருந்தாலும் அப்படித்தான் உடுக்க வேண்டும் என்பது விதி. படம் பார்ப்பதில்லை. சிநேகிதிகளோடு கதைப்பதில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு மணி அடித்தது போல் வெளியே வருவாள், தட்டைக் கழுவி வைப்பாள், உள்ளே போய்விடுவாள். பக்கத்தில் நின்றும் எட்டத்தில் இருக்கிறமாதிரி.

மலர் அந்த நாட்களில் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. ஆனால் பாவாடை முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும் அபியின் அறையிலிருந்து ஐந்து பாவாடையையும் எடுத்து, விளிம்பை அவிழ்த்து இறக்கித் தைத்துக் கொடுத்தாள். ஸ்காபறோவிலிருந்து தமையன் தொலைபேசி எடுத்தது அந்தத் தையலுக்கு நடுவில்தான். அந்தத் தகட்டைக் குத்திக்கொண்டு எங்கட தெருப்பக்கம் வந்தால் எங்கட மரியாதை என்னாகிறது, எங்கட பிள்ளைக்கும் கலியாணம் பேசுகிற நேரம் என்று அவர் நீளமாகச் சொன்னார். மலர் ஊசியைத் துணியில் குத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணை, அவள் வந்தால் நீங்கள் கதவைத் திறக்க வேண்டாம்,” என்றாள் முடிவில். “ஜன்னலால பாத்து, பிள்ளை மெலிஞ்சிட்டாளோ எண்டு மட்டும் எனக்குச் சொல்லுங்கோ.”

4

எனக்குக் காலை ஷிப்ட் இல்லாத நாட்களில் படியில் இருந்து சப்பாத்து மினுக்குவேன். கதவுக்கு அப்பால் தமிழ் வகுப்பு நடக்கும். ஆசிரியன் ஓர் அமெரிக்க இளைஞன். தமிழ்நாட்டில் ஊழியம் செய்தபோது பழகியவன். வகுப்பில் ஆறு பேர், ஆறு பேரும் ஒரே குரலில், நான் சாட்சி பகர்கிறேன், நான் சாட்சி பகர்கிறேன் என்று சொல்வார்கள். என் வீட்டில் இவ்வளவு தமிழ் முன்னர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக் கேட்க எனக்கு அழுகையும் வரும், எரிச்சலும் வரும்.

நாள் முழுக்க நின்று வேலை செய்வதால் எனக்கு முழங்காலில் நோவு. ஒரு நாள் அவள் தனியே பிரார்த்தனை பழகிக்கொண்டிருந்தாள். “பரமபிதாவே, என் அப்பாவின் கல்லைச் சுகப்படுத்தும்,” என்று சொல்வது கேட்டது. நான் சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் அவள் எனக்காக எதையாவது தமிழில் கேட்டது அதுதான் முதல்முறை. அதுவும் என்னிடம் இல்லை.

கதவைத் தட்டினேன். கல் வேறு, கால் வேறு என்று சொன்னேன். வெட்கப்பட்டாள். பிறகு, கொஞ்சம் இருங்கோ அப்பா என்றாள். அன்றிலிருந்து மத்தியானத்தில் அரை மணித்தியாலம் நான் அவளுடைய கட்டில் விளிம்பில் இருந்தேன். ஆசிரியன் பழக்கியபடி எல்லாவற்றுக்கும் ஆமா, ஆமா என்றாள்.

“எங்கட ஆக்களிட்ட ஓம் எண்டு சொல்லு,” என்றேன். “ஆமா எண்டால் இது ஆரோ இந்தியாப் பிள்ளை எண்டு நினைப்பினம். ஓம் எண்டால் கொஞ்சம் நிண்டு கேப்பினம்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று விளங்கியது. எங்கள் சனங்களின் கதவு எப்படித் திறக்கும் என்று அவளுக்கு நானே பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். எழும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. எனக்கு அந்த அரை மணித்தியாலம் வேண்டியிருந்தது.

ஒரு நாள், நீ போயிருக்கும்போது எனக்கோ அம்மாவுக்கோ ஒன்று நடந்தால் வருவாயா என்று கேட்டேன். அவள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. வர அனுமதி கேட்கலாம், ஆனால் அநேகமானவர்கள் வருவதில்லை அப்பா, அங்கேயே இருந்து பிரார்த்திப்பார்கள் என்றாள்.

5

என் தங்கச்சியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் வதனி. என்னைவிட இரண்டு வயது இளையவள். பதினெட்டு வயதில் ஒரு நாள் பின்னேரம் ரியூசனுக்குப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். சைக்கிள் மட்டும் சந்திக் கடையில் நின்றது. இயக்கத்துக்குப் போய்விட்டாள் என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். ஒருமுறை சுகமாக இருக்கிறேன் என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினாள். நான் லண்டனுக்கு வந்தேன். கடைசிச் சண்டை முடிந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். கப்பலில் கனடாவுக்குப் போனவர்களுக்குள் அவளைப் போல் ஒருத்தி இருந்தாள் என்று இன்னொருவர் சொன்னார். போய்த் தேடியவர்களுக்கு எங்கேயும் அவள் கிடைக்கவில்லை. செத்ததைக் கண்டவர்களும் இல்லை. அதனால் திவசம் செய்ய அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. அம்மா போன பிறகு அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. நானும் செய்யவில்லை. அபிக்கு, மாமி ஒருத்தி சண்டையில் போய்விட்டா என்ற அளவில்தான் தெரியும். சின்ன வயதில் மலர் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள். நான் திருத்தவில்லை.

இதனால்தான் அபியை வழியனுப்பப் போன அன்று ஹீத்ரோ விமான நிலையத்தில் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் படம் எடுத்துக்கொண்டு நிற்க, எனக்கு நிற்க முடியாமல் போனது. ஒரே மாதிரி உடுத்த பிள்ளைகள். மாற்றிய பெயர். சொன்ன இடத்துக்குப் போகிற மனம். இது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளை துவக்குத் தூக்கப் போகவில்லை. ஒன்றரை வருஷத்தில் திரும்பி வருவாள். என்றாலும் என் உடம்புக்கு அது தெரியவில்லை. அபி என்னைக் கட்டிப்பிடித்து, வாறன் அப்பா என்றாள். வதனி அன்று வாறன் என்று சொன்னாளா என்று எனக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

6

பயிற்சி நிலையத்திலிருந்து கிழமைக்கு ஒருமுறை வீட்டோடு கதைக்கலாம். லண்டனில் பின்னேரம், அங்கே காலை. மலரும் நானும் சோபாவில் இருந்து பார்ப்போம். அபிக்குப் பக்கத்தில் எப்போதும் அவளுடைய துணை ஊழியக்காரி இருப்பாள். ஐடஹோ மாநிலத்தில் பண்ணை வைத்திருப்பவர்களின் மகள், செம்பட்டை முடி. வணக்கம் அப்பா, வணக்கம் அம்மா என்பாள். ஒருவரை விட்டு ஒருவர் பிரியக்கூடாது என்பதும் விதியாம். தனியே இல்லை என்று மலருக்கு அது ஓர் ஆறுதல்.

கிழமைக்குக் கிழமை அபியின் தமிழ் தேறியது. முகம் மெலிந்தது. முதல் இரண்டு கிழமை ஒவ்வொரு நாளும் குளியலறையில் நின்று அழுததாக மூன்றாம் கிழமை சொன்னாள். வீட்டுக்கு வா என்று மலர் சொல்ல வாயெடுத்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

ஒரு கிழமை, தமிழ் பேசும் ஒருவருக்குப் பாடம் நடத்திப் பழக வேண்டும், நீங்கள் அந்த ஆளாக இருப்பீர்களா என்று கேட்டாள். சரி என்றேன். முன்பின் தெரியாத வீட்டுக்காரனோடு பேசுவதுபோல் பேசத் தொடங்கினாள். கடவுள் குடும்பங்களை ஏற்படுத்தினார் என்றாள். சாவோடு குடும்பம் முடிவதில்லை, என்றென்றைக்கும் சேர்ந்திருக்கலாம் என்றாள். பிறகு புத்தகத்தில் இருக்கிற கேள்வியைக் கேட்டாள்.

“நீங்கள் மிகவும் நேசித்த யாரையாவது இழந்திருக்கிறீர்களா?”

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பாடம்தானே.

“ஓம்,” என்றேன். “என்ர தங்கச்சி.”

அதற்கு மேலே வந்ததெல்லாம் நான் சொல்ல நினைத்ததல்ல. சைக்கிள் சந்திக் கடையில் நின்றது, அம்மா வாசலைப் பூட்ட விடாதது, வதனிக்கு இடது புருவத்தில் தையல் போட்ட தழும்பு இருந்தது, எல்லாம் வந்தது. ஐடஹோப் பெண்ணுக்கு விளங்கியிராது; அவளும் அசையாமல் இருந்தாள். அபி புத்தகத்தை மூடினாள்.

“ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை அப்பா?”

நேரம் முடிந்தது.

7

அடுத்த கிழமை அவள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். இறந்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறுகிற ஒரு சடங்கு அவர்களுடைய ஆலயங்களில் உண்டு. வதனி மாமிக்காகத் தானே அதைச் செய்ய விரும்புகிறாள். விரும்பாவிட்டால் மாமி அதை ஏற்கத் தேவையில்லை, அது மாமியின் தெரிவு என்றாள். அதற்குப் பிறந்த திகதியும் இறந்த விபரமும் வேண்டும். உயிரோடு இருக்கிற ஆகக் கிட்டிய உறவினரின் சம்மதமும் வேண்டும்.

“அது நீங்கள்தானே அப்பா,” என்றாள்.

நான் எழும்பிப் போனேன். பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். என் முழங்காலுக்கு அது கூடாது. திரும்பி வந்தபோது மலர் அதே சோபாவில் இருந்தாள்.

“அவள் வதனிக்கு நல்லது செய்யத்தானே கேக்கிறாள்,” என்றாள்.

தெரியும் என்றேன். பிள்ளை தன்னிடம் இருக்கிறதுக்குள் ஆகச் சிறந்ததை என் தங்கச்சிக்குக் கொடுக்க வருகிறாள். எங்களுடைய ஐயரும் அதைத்தான் கேட்பார்; திதி எது என்று கேட்பார். அரசாங்கத்தின் ஆட்களும் அம்மாவிடம் அதைத்தான் கேட்டார்கள். மரண அத்தாட்சி தருகிறோம், கையெழுத்து வையுங்கள் என்றார்கள். எல்லாருக்கும் முதலில் அவள் செத்திருக்க வேண்டும். அதற்கு நான் ஓம் சொல்ல வேண்டும்.

அந்தக் கிழமை முழுக்க நான் ஓம் சொல்லிப் பார்த்தேன். வேலைக்குப் போகும்போது, மேடையில் நிற்கும்போது, வாய்க்குள். வரவில்லை.

8

அபி ரொறன்ரோவுக்குப் பறப்பதற்கு முன் கடைசி அழைப்பு. தமிழ்ப் பரீட்சையில் தேறிவிட்டேன் என்றாள். ஐடஹோப் பெண்ணும் அவளோடு போகிறாள். முன்னர் கேட்டதைப் பற்றி அவள் பேசவில்லை. நான்தான் பேசினேன்.

“பிள்ளை, நான் சம்மதம் தரமாட்டன்,” என்றேன். “உன்ர சமயத்தில கோவமில்லை. எனக்கு ஏலாது.”

அவள் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது. தப்பாகக் கேட்டுவிட்டேன் அப்பா, மன்னியுங்கோ என்றாள். அதில் தப்பில்லை என்றேன். பிறகு, அங்கே ஒரு நாளைக்கு எத்தனை வீட்டுக் கதவு தட்டுவாய் என்று கேட்டேன். தெரியாது, நிறைய இருக்கும், பெரும்பாலும் தமிழ் வீடுகள்தான் என்றாள்.

“கதவைத் திறக்கிறது ஒரு பொம்பிளை எண்டால்,” என்று தொடங்கினேன். கையை எடுத்து என் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அபியிடம் எனக்குச் சொல்ல எவ்வளவோ வேதவசனம் இருந்திருக்கும். அதில் ஒன்றையும் எடுக்கவில்லை.

“மாமிக்கு இப்ப எத்தினை வயசு அப்பா?” என்று கேட்டாள்.

பக்கத்தில் இருந்த மலர்தான் சொன்னாள். வதனியை ஒரு நாளும் கண்டிராதவள்.

“அம்பது, பிள்ளை. தலை நரைச்சிருக்கும். கண்ணாடியும் போட்டிருப்பா, அதால வடிவாப் பாரு.”